வலி மாத்திரை மூச்சை நிறுத்துவது எப்படி?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறதே, ஏன்? ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதை மூளைத்தண்டு உணர்ந்து, மூச்சை முடுக்கிவிடுகிறது. ஹெராயினும், தமிழ்நாட்டில் போதைக்காக விற்றுப் பிடிபடும் டபென்டடால் என்ற வலி மாத்திரையும் அந்த உணர்வையே மழுங்கடிக்கின்றன. மூச்சு தூக்கத்திலேயே நின்றுவிடலாம். மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இருமல் அடங்கிப்போவதால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது இதைவிடக் கொடுமை. மாத்திரைகளில் சேர்க்கும் டால்க், செல்லுலோஸ் துகள்கள் நீரில் கரைவதில்லை. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கி, தழும்பாகி, இதயத்தின் வலப்பக்கத்தையும் திணறடிக்கும். வயிற்றுக்கென்று செய்த மருந்து அது!

ஹெராயின், டபென்டடால் போன்றவற்றால் நின்ற மூச்சை நாலாக்சோன் என்ற மருந்து மீட்கக்கூடியது. உதடு நீலம் பாய்ந்து, எழுப்பியும் எழாமல் கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.