ஓட்டைதான் சரக்கு

ரமணாசிரமத்துக் கோசாலைப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் நெடி அமோனியாவுடையது. மாட்டு மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் உடைப்பதால் வருவது. உடைக்கும் நொதிக்கு யூரியேஸ் என்று பெயர். அதன் நடுவே இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன. கொட்டிலில் அமோனியா பிறக்கத் துணைபோகும் இதே நிக்கல்தான், ஆலையில் அதை உடைத்து ஹைட்ரஜன் எடுக்கவும் உதவுகிறது.

எரிபொருளான ஹைட்ரஜனைக் கப்பலேற்றத் திரவமாக்க வேண்டுமென்றால், மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அமோனியாவுக்கு மைனஸ் 33 போதும். அதன் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன். அதனால் ஹைட்ரஜனை அமோனியாவாக்கிக் கப்பலேற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் உடைத்துக்கொள்வது லாபம். பசுமை ஹைட்ரஜன் மையங்களாக ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்த மூன்று துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. உரத்துக்காக அமோனியா காய்ச்சும் ஸ்பிக் ஆலை அங்கே 1970-களிலேயே வந்துவிட்டது.

அமோனியாவை உடைப்பதில் சிக்கல் ஹைட்ரஜன் அல்ல, நைட்ரஜன். சூடான உலோகத்தின் மேல் உட்காரும் அமோனியாவிலிருந்து ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். மிஞ்சிய நைட்ரஜன் அணு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. இன்னொரு நைட்ரஜனோடு ஜோடி சேர்ந்தால்தான் கிளம்பும். அதுவரை இடம் அடைபட்டே கிடக்கும். ருத்தேனியத்தில் இந்தப் பிடி அளவானது, ஆனால் அது அரிய உலோகம், விலையும் அதிகம். நிக்கல் மலிவு, கூடுதல் சூடு கேட்கும். நாடு முழுக்க ஆலை கட்டுவதென்றால் நிக்கலைத்தான் நம்ப வேண்டும் என்பது என் கட்சி.

அந்த நிக்கலில் வாயு தொடும் பரப்பைப் பெருக்க வேண்டும். அமெரிக்கரான மரே ரேனி 1920-களில் வழி கண்டார். அவர் தேடியது எண்ணெயைக் கெட்டியாக்கும் வினையூக்கி, அதாவது வனஸ்பதி சமாச்சாரம். நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கி, குளிர்ந்ததும் பொடித்து, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டார். அலுமினியம் நுரைத்துக் கரைந்தோடியது; அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. ஒரு கிராமுக்குள் சுமார் 100 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். உலரவிட்டால் காற்று பட்டதும் தீப்பற்றும். அதனால் நீருக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

ஆனால் அமோனியாவை உடைக்கும் நிக்கல் உலை 600 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இவ்வளவு நுண்ணிய துளைகள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். இன்னொரு வழி, பெரிய துளையுள்ள நிக்கல் நுரை. பாலியுரேத்தேன் பஞ்சின் இழைகள்மேல் நிக்கல் முலாம் ஏற்றி, பிறகு பஞ்சை எரித்துவிடுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்புக்கு இது தூரத்துச் சொந்தம். ஒரே வேறுபாடு, வார்ப்பில் ஓட்டை விழுந்தால் சிலை வீண். இங்கே ஓட்டை இல்லாவிட்டால் சரக்கே வீண்.

நிக்கல் நுரையில் இன்னொரு வசதி. அமோனியா உடையும்போது வெப்பத்தை விழுங்கும். உலைக்குள் பீங்கான் உருண்டைகளை நிரப்பினால் நடுப்பகுதி ஆறிப்போகும். நுரையின் உலோக இழைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் சூடு உள்ளே வரை போகும். அந்த இழைகள்மேல்தான் நுண்துகள் வினையூக்கியைப் பூசிப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உடைத்தபின் வடிகட்டும் வேலையும் உண்டு. வண்டிகளின் எரிபொருள் மின்கலத்துக்குப் போகும் ஹைட்ரஜனில், உலகத் தர விதிப்படி, 1 கோடியில் ஒரு பங்குக்கு மேல் அமோனியா மிஞ்சக்கூடாது.