அப்பாவோட சுகர் மாத்திரையும் 15,600 ரூபாயும்

மார்ச் வந்தா தவறாம வர்ற கேள்வி இது: "அப்பாவுக்கு சுகர். மாத்திரைக்கே மாசம் ரெண்டாயிரம் போகுது. இதை டாக்ஸ்ல கழிக்க முடியுமா?"

முடியும். ஆனா அப்பாவுக்கு 60 வயசு ஆகியிருக்கணும், அவர் பேர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கக் கூடாது, மருந்துக் கடை பில்லை ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. முக்கியமா நீங்க பழைய வரிமுறையில இருக்கணும். இதெல்லாம் சரியா இருந்தா 80டி-ன்னு நாம பழகின கழிவு, வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரைக்கும். புது முறையில இது கிடையாது. 80டிடிபி-யில வருமான்னு அடுத்துக் கேப்பீங்க. அந்த நோய்ப் பட்டியல்ல சர்க்கரை இல்லை. சர்க்கரை முத்தி சிறுநீரகம் நிரந்தரமா செயலிழந்தா, அது பட்டியல்ல இருக்கு!

சரி, முழு 50,000-ஐயும் கழிச்சுட்டீங்க, 30 சதவீத ஸ்லாப்ல இருக்கீங்கன்னு வைங்க. செஸ்ஸோட சேர்த்து உங்களுக்கு மிச்சம் 15,600 ரூபாய். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத்துக்கு வர வேண்டிய வரி. கஜானாவுக்கு வராம விட்டாலும் அது பொதுப் பணம்தான்.

இப்போ இதே சர்க்கரையைக் கோவில்பட்டிப் பக்கம் வச்சுப் பாருங்க. கரிசக்காட்டு மானாவாரி விவசாயம், மழை பெய்ஞ்சாதான் உளுந்து, பாசி, கம்பு. மத்த நாள்ல தீப்பெட்டி ஆபீஸ். அங்க வேலை பாக்குற ஒரு அக்காவுக்கு சுகர்னா, வருமான வரியே கட்டாத அவங்களுக்கு 80டி-யால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை இலவசம். டவுன் பஸ்லயும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனா மாத்திரை வாங்கப் போற அன்னைக்கு வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. நாள் கூலி 400 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, மாசம் ஒரு நாள் வீதம் வருஷத்துக்கு 4,800. இலவச மாத்திரையோட உண்மையான விலை அதுதான். நமக்கு சிக் லீவ் இருக்கு, அதனால இந்த விலை நம்ம கண்ணுல படுறதில்லை. அவங்க என்ன செய்வாங்க? உடம்பு நல்லா இருக்கிற மாசம் போக மாட்டாங்க. சர்க்கரையில அதுதான் ஆபத்து, வலிக்காமலே ஏறும்.

2020-ல தமிழ்நாட்டுல எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வுல, சர்க்கரை இருக்கிறவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள்ள இருந்தது. மாத்திரை இலவசமா கிடைக்கிற மாநிலத்துலயே இந்த நிலைமை.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' கை வச்சது இந்த இடத்துலதான். 45 வயசைத் தாண்டினவங்க, நடமாட்டம் குறைஞ்சவங்க வீட்டுக்கே மாத்திரை போகுது. கொண்டு போறது பெரும்பாலும் அதே ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். (அவங்களுக்குக் கிடைக்கிறது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. இந்தத் திட்டத்துல எனக்கு உறுத்துற இடம் இது.) 2024 ஜனவரியில தொழிற்சாலைகளுக்குள்ளயும் பரிசோதனை பண்ற மாதிரி 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது.

செலவு? 2021 ஆகஸ்ட் பட்ஜெட்ல சொன்ன தொகை 257.16 கோடி. 2011 கணக்கெடுப்புப்படி நம்ம மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்தா தலைக்குச் சுமார் 36 ரூபாய்.

ஒரு பக்கம் ஒரு குடும்பத்துக்கு 15,600 வரை. இன்னொரு பக்கம் தலைக்கு 36. ஒண்ணு அதிகபட்சம், இன்னொண்ணு சராசரி. அதனால இந்த ஒப்பீடு கொஞ்சம் முரடானதுதான், ஒத்துக்கிறேன். ஆனா பொதுப் பணம் எந்தப் பக்கம் சுலபமா சாயுதுன்னு காட்ட இது போதும். கழிவு வேண்டாம்னு சொல்லலை, சட்டம் கொடுக்கிறதை எடுத்துக்கோங்க. அடுத்த தடவை ஆபீஸ் கேன்டீன்ல யாராவது "நம்ம வரிப் பணத்தை இலவசமா அள்ளிக் கொடுக்கிறாங்க"ன்னு ஆரம்பிச்சா, இந்த ரெண்டு எண்ணும் ஞாபகம் இருக்கட்டும்.

"நான் கட்டுற ஹெல்த் செஸ் இதுக்குத்தானே போகுது?" நேரா இல்லை. பே ஸ்லிப்ல வர்ற 4 சதவீத செஸ், ஹெல்த்துக்கும் கல்விக்கும் சேர்த்து மத்திய அரசு வசூலிக்கிறது. மத்த வரி மாதிரி மாநிலங்களுக்கு அதுல பங்கு கிடையாது. தேசிய சுகாதார இயக்கம் மாதிரி திட்டங்கள் வழியாத்தான் ஒரு பகுதி திரும்பி வரும், அங்கயும் 60:40-ன்னு மாநிலம் தன் பங்கைப் போடணும். 12 லட்சத்துக்குள்ள வருமானம், புது முறையில வரியே இல்லைன்னா உங்க செஸ்ஸும் பூஜ்யம். ஆனா சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் நீங்க கட்டுற ஜிஎஸ்டியில மாநிலப் பங்கு இருக்கு. அதே ஜிஎஸ்டியைத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவும் கட்டுறாங்க.

திட்டம் எல்லாத்தையும் சரி பண்ணிடலை. அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வுல அந்த 10.8 சதவீதம் 16.7 ஆச்சு. முன்னேற்றம்தான், ஆனா ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு இன்னமும் கட்டுக்குள்ள இல்லை. மாத்திரையை வீட்டுல கொடுத்துடலாம். மூணு மாச சராசரி பாக்குற ஹெச்பிஏ1சி, கண், கால், கிட்னி பரிசோதனைக்கு ஆள் நேர்லதான் போகணும், அங்க மறுபடியும் ஒரு நாள் கூலி போகும். அடுத்த சுற்றுப் பணம் அங்க போகணும்ங்கறது என் கருத்து.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்து, அம்மா அப்பா விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் இருந்தா, இன்சூரன்ஸ் எடுத்தா போதும்னு நினைக்காதீங்க. சாதாரண பாலிசி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாதான் பேசும், மாசாந்திர மாத்திரைக்குத் தராது. ஏற்கனவே இருக்கிற சர்க்கரைக்கு மூணு வருஷம் வரை காத்திருப்புக் காலம் போடலாம் (2024-க்கு முன்னாடி நாலு வருஷம்). முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்.

அதனால இந்த வாரம் ஊருக்கு ஒரு போன் போடுங்க. துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர்கிட்ட அம்மா பேர் பதிவாயிருக்கான்னு கேளுங்க. "இலவச மாத்திரை நமக்கு எதுக்கு, வசதியா இருக்கிறவங்க வாங்கலாமா"ன்னு அப்பா கூச்சப்பட்டா, அவர் இத்தனை வருஷம் கட்டின வரியும் அதுல இருக்குன்னு சொல்லுங்க. உங்களுக்கு 30 தாண்டியிருந்தா, உங்க சுகரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே பாக்கலாம். தனியார் லேப்ல பாத்தா பில்லை எடுத்து வைங்க, பழைய முறையில 5,000 ரூபாய் வரைக்கும் முன்தடுப்புப் பரிசோதனைக் கழிவு உண்டு. இதுக்கு மட்டும் ரொக்கமா கட்டினாலும் செல்லும்.