முன்பணம் மனிதரின் விலை அல்ல



பிப்ரவரி 8, புனித ஜோஸ்பின் பகித்தாவின் திருநாள். 2015 முதல் இந்நாளை மனித வணிகத்துக்கு எதிரான உலக செப நாளாகத் திரு அவை கடைப்பிடித்து வருகிறது. சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டவர் பகித்தா. இத்தாலிக்கு வந்தபின், எசமானி அவரை மீண்டும் சூடானுக்கு அழைத்துச் செல்ல முற்பட்டபோது அவர் மறுத்தார். வெனிஸ் நகரில் அவர் தங்கியிருந்த கனோசா சகோதரிகளின் இல்லத் தலைவி அதிகாரிகளிடம் முறையிட்டார். இத்தாலியச் சட்டம் அடிமை முறையை ஏற்பதில்லை, ஆகவே பகித்தா எவருடைய உடைமையும் அல்ல என்று 1889 நவம்பர் 29 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் முன்பே இருந்தது. ஒருவர் அவருக்காகப் பேசியபோதுதான் அது அவரை விடுவித்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. அதற்குச் செயல்வடிவம் தருவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். உலகத்தின் முன்னும் நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். கட்டாய வேலைக்கு எதிரான பன்னாட்டுத் தொழில் அமைப்பின் இரு உடன்படிக்கைகளை 1954இலும் 2000இலும், மனித வணிகத்தைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறையை 2011இலும் இந்தியா உறுதிசெய்தது.

கொத்தடிமை முறை எப்படி இருக்கும்? மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஒரு குடும்பம் செங்கல் சூளையில் முன்பணம் வாங்குகிறது. அந்தக் கடனைக் காட்டி, வேறு வேலைக்குப் போகாதே, ஊருக்குப் போகாதே, உரிய கூலியைக் கேட்காதே என்று தடுத்தால், இவற்றுள் ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறை.

“வாங்கின காசுக்கு உழைத்துத்தானே தீர்க்க வேண்டும்?” என்று நம்மில் சிலர் கேட்கலாம். சட்டத்தின் பதில் தெளிவானது. கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்தாகிறது. அதை வசூலிப்பதே குற்றம். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதே. கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்று ஆண்டுவரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய வேலையே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். கடனால் தங்கள் பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்த ஏழைகள் அங்கே கதறுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் யார்? அவர்களுடைய சொந்த இனத்தார், அதே கடவுளை வழிபட்டவர்கள். நெகேமியா சினங்கொண்டு மக்களைக் கூட்டி, அவர்களுடைய நிலங்களையும் வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒரே நற்கருணைப் பந்திக்கு வரும் நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. நம் பட்டறையில், தோட்டத்தில், வீட்டில் வேலை செய்பவர், விரும்பினால் நாளையே விலகிப் போக முடியுமா?

அப்படி அடைபட்ட குடும்பம் ஒன்று நம் கண்ணில் பட்டால், நாமே போய்ச் சண்டையிட வேண்டாம். மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தெரிவிப்போம். விசாரித்து, விடுவித்து, விடுதலைச் சான்றிதழ் வழங்குவது அவர்கள் கடமை. மறுவாழ்வு உதவிக்கு அந்தச் சான்றிதழ் தேவை என்பதையும் அக்குடும்பத்துக்குச் சொல்வோம். குழந்தைகள் என்றால் 1098 என்ற எண்ணை அழைப்போம்.

ஒடுக்கப்பட்டோரை விடுவிக்கவே தாம் அனுப்பப்பட்டதாக ஆண்டவர் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அறிவித்தார். அவருடைய பணியில் நமக்கும் பங்கு உண்டு. பேச வேண்டிய வேளையில் பேசும் துணிவை, புனித பகித்தாவின் பரிந்துரையால் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.