சிறைமுகாமின் கதவு: அன்றும் இன்றும்

1914-இல் ஜெனிவாவின் ராத் அருங்காட்சியகக் கூடங்களில் மேசைகளும் அட்டைப்பெட்டிகளும் வந்து நிறைந்தன. முதல் உலகப் போரில் பிடிபட்டவர்களின் பட்டியலைச் சண்டையிடும் நாடுகளே சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவுக்கு அனுப்பின. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. மகனைக் காணோம் என்று எழுதும் தாயின் கடிதத்துக்கும் ஓர் அட்டை. ஒரே பெயரில் இரண்டும் வந்து சேர்ந்தால் வீட்டுக்குத் தகவல் போகும். இப்படிச் சுமார் 70 லட்சம் அட்டைகள்! எழுதி அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தும் அங்கே தொண்டாற்றினார்.

1915 முதல் குழுவின் பிரதிநிதிகள் முகாம்களுக்கே போனார்கள். அப்படிப் போக உரிமை தரும் தெளிவான சட்டம் அன்று கிடையாது. ‘உன் ஆட்கள் என்னிடம், என் ஆட்கள் உன்னிடம்’ என்ற கணக்குதான் பெரும்பாலும் கதவைத் திறந்தது.

அந்தக் கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பது அடுத்த போரில் தெரிந்தது. போர்க்கைதிகளுக்கான 1929 ஜெனிவா ஒப்பந்தத்தில் சோவியத் ஒன்றியம் சேரவில்லை என்பதையே ஜெர்மனி சாக்காக்கியது. 30 லட்சம் சோவியத் கைதிகளுக்கு மேல் பட்டினியிலும் நோயிலும் தோட்டாவுக்கும் மாண்டார்கள்.

1949 ஜெனிவா ஒப்பந்தங்களில் முகாமுக்குள் போகும் உரிமை எழுத்தில் வந்தது. கைதி இருக்கும் எந்த இடத்துக்கும் பிரதிநிதி போகலாம். காவலர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேசலாம். பெயரைக் குறித்துக்கொள்வார், வீட்டுக்கு நாலு வரி எழுதி வாங்குவார், மறுமுறை வந்து அதே ஆளைக் கேட்பார். வெளியே பதிவான ஒருவரைச் சத்தமில்லாமல் காணாமல் ஆக்குவது கடினம். வருகையின் பெரும் பயன் இதுதான் என்பேன்.

இன்று சட்டம் இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. 2022 ஜூலையில் ஒலெனிவ்கா சிறைமுகாமில் ரஷ்யத் தரப்பின் பிடியிலிருந்த உக்ரேனியக் கைதிகள் 50 பேருக்கு மேல் வெடிப்பில் இறந்தார்கள். உடனே கேட்டும் செஞ்சிலுவைக்கு அனுமதி கிடைக்கவில்லை. கைதிப் பரிமாற்றம் நடக்கும்போதெல்லாம் உக்ரேனியத் தாய்மார்கள் புகைப்படத்தோடு பேருந்துகளைச் சூழ்ந்து, திரும்பி வந்தவர்களிடம் ‘இவனைப் பார்த்தீர்களா?’ என்று கேட்கிறார்கள். ஒரு பட்டியல் தீர்த்துவைக்க வேண்டிய வேதனை இது.

1967 முதல் செஞ்சிலுவைக் குழு சந்தித்துவந்த பாலஸ்தீனக் கைதிகளைப் பார்க்க, 2023 அக்டோபருக்குப் பின் இஸ்ரேல் விடவில்லை. காஸாவில் தான் பிடித்துவைத்த பணயக் கைதிகளைப் பார்க்க ஹமாஸும் விடவில்லை.

வருகையைத் தடுக்க 1949 ஒப்பந்தங்கள் தரும் விலக்கு ஒன்றே: தவிர்க்க முடியாத ராணுவக் காரணம், அதுவும் தற்காலிகமாக மட்டும். ஆண்டுக்கணக்கில் கதவடைத்துவிட்டு அந்தச் சொல்லை நாட எந்தத் தரப்புக்கும் முகமில்லை.