துரு பிடிப்பது ஏன்? குழந்தைகளுக்கு மூன்று ஆணிகளில் ஒரு பாடம்

மழைக்காலம் முடிந்ததும் வாசல் இரும்புக் கதவில் செம்பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. "ஏன் இப்படி ஆனது?" என்று குழந்தை கேட்டால், "மழையில் நனைந்ததால்" என்கிறோம். அது பாதி விடைதான். மீதியைக் குழந்தையே கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு.

துத்தநாகப் பூச்சில்லாத மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துத் தூய்மை செய்து, சூடு தாங்கும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் இடுங்கள். முதற்குவளையில் ஆணி பாதி மூழ்குமளவு குழாய் நீர் போதும். இரண்டாவதில் நன்கு கொதித்த நீரை ஆணி முழுதும் மூழ்கும்படி நிரப்பி, மேலே சமையல் எண்ணெயை ஒரு படலமாக ஊற்ற வேண்டும். இதைப் பெரியவர்களே செய்தல் நலம். மூன்றாவதில் நீரே வேண்டாம். புதுக் காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை இட்டு, இறுக மூடிவிடலாம்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், முதல் ஆணியில் துரு நன்கு படர்ந்திருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் மாறாதிருக்கும். கொதிக்கவைத்ததால் இரண்டாம் குவளை நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறியது. எண்ணெய்ப் படலம் புதுக் காற்றைத் தடுத்தது. மூன்றாவதில் காற்று இருந்தது, ஈரம் இல்லை. ஆக, காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து இரும்பைத் தாக்கினால்தான் துரு உண்டாகிறது. உப்பு இவ்வினையை விரைவுபடுத்தும்; கடலோர வீடுகளின் சன்னல் கம்பிகள் விரைவில் அரிபடுவது இதனால்தான்.

அடுத்து, குழந்தையின் உண்டியலைத் திறக்கலாம். 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களை ஒரு காந்தத்தின் அருகே கொண்டுசெல்லுங்கள். பல ஒட்டிக்கொள்ளும். அவற்றில் 83 விழுக்காடு இரும்பு. எஞ்சிய 17 விழுக்காடு குரோமியம். இத்தனை இரும்பிருந்தும் அவை எளிதில் துருப்பிடிப்பதில்லை. குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நாணயத்தைப் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் மீண்டும் உருவாகிவிடும். சுமார் 1,600 ஆண்டுகள் பழமையான தில்லி இரும்புத் தூணையும் இத்தகைய ஒரு படலமே காக்கிறது. அங்கு அதற்கு உதவுவது இரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ்.

சாதாரண இரும்பின் துருவோ உதிரும் இயல்புடையது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் அரிபடத் தொடங்கும். மேலும், துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் கூரையில் விரிசல் விழுவது இதனால்தான்.

ஆகவே, அடுத்த மழைக்கு முன் கதவுக்கு வண்ணம் பூசும்போது குழந்தையையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய துருவை முற்றிலும் சுரண்ட வேண்டும். அதன் மேலேயே பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். அதற்கான காரணத்தை இம்முறை குழந்தையே உங்களுக்கு எடுத்துரைக்கும்.