மலைக்கிராமத்து ஃபிடில் தாத்தா!

1966-ம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைப்பகுதியில் இருக்கும் க்ளென் லின் என்ற சின்ன ஊருக்கு டேப் ரெக்கார்டருடன் வந்தார் ஓர் இளைஞர். பெயர் ஆலன் ஜபூர். முறைப்படி வயலின் கற்றவர். ட்யூக் பல்கலைக்கழக மாணவர். அவர் தேடி வந்தது, 82 வயது ஹென்றி ரீட் தாத்தாவை!

ஃபிடில் என்பது வேறொன்றும் இல்லை, நம் கச்சேரி மேடைகளில் பார்க்கும் அதே வயலின்தான். வாசிக்கும் விதம்தான் வேறு. அந்த மலைக்கிராமங்களில் அது நடனத்துக்கான வாத்தியம். யாராவது ஒருவர் வீட்டில் மேஜை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஊரே ஜோடி ஜோடியாக ஆடும். ஒற்றை ஃபிடில், கூடவே ஒரு பேஞ்சோ. அவ்வளவுதான் இசைக்குழு.

மெட்டுகளில் பெரும்பாலும் இரண்டே பகுதிகள். ஒன்று கீழ் ஸ்தாயியில், மற்றொன்று மேல் ஸ்தாயியில் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. பக்கத்துத் தந்தியையும் வில் சேர்த்து உரசுவதால், தம்பூரா சுருதிபோல ஒரு நாதம் கூடவே வரும். தாளமும் வில்லிலேயே இருக்கிறது. அதனால் மேளம் தேவையில்லை.

இந்த மெட்டுகள் பெரும்பாலும் காதால் கேட்டே கற்றவை. ரீட் தன் இளவயதில் க்வின்ஸ் டில்லியன் என்ற முதியவரிடமிருந்து பல மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். டில்லியனோ, அந்தக் காலத்தில் ராணுவத்தில் குழல் வாசித்தவர். அப்படிக் கைமாறி வந்த 19-ம் நூற்றாண்டு இசை, ஒரு தாத்தாவின் விரல்களில் மிச்சமிருந்தது.

1966, 67-ம் ஆண்டுகளில் ஜபூர் அவரிடம் செய்த ஒலிப்பதிவுகள் 180-க்கும் மேல். 1968 ஜூனில் ரீட் இறந்துவிட்டார். ஜபூர் இரண்டு வருடங்கள் தாமதித்திருந்தால், அந்த மெட்டுகளில் பலவும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

அதே 1968-ல், ஜபூரின் 'ஹாலோ ராக் ஸ்ட்ரிங் பேண்ட்' இசைத்தட்டு வெளியானது. அதில் இருந்த, ரீட் வாசித்த 'ஓவர் தி வாட்டர்ஃபால்' மெட்டை இன்று பல நாடுகளில் ஃபிடில் பழகுபவர்கள் ஆரம்பப் பாடமாகக் கற்கிறார்கள். 2017-ல் மறையும்வரை, ரீட்டின் மெட்டுகளை ஊர் ஊராக எடுத்துச் சென்றார் ஜபூர்.

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் ஹென்றி ரீட் பெயரைத் தேடுங்கள். தாத்தாவின் வாசிப்பை இலவசமாகவே கேட்கலாம். வில் ஒன்றிரண்டு இடத்தில் நடுங்கும். ஆனால், கால் தானாகத் தாளம் போடும்!