விற்றவருக்கும் பொறுப்பு உண்டு

டிராக்டரின் பின்புறத்திலிருந்து ரோட்டவேட்டருக்கு விசையைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும்; அதாவது நொடிக்கு 9 சுற்று. வேட்டியின் நுனியோ சட்டைக் கையோ சிக்கினால் உதறி விடுபட நேரமே இருக்காது. அதன் மேலுறை உடைந்தபின் மாற்றாமலே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

இத்தகைய தண்டுகளும் அவற்றின் உறைகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்பட வேண்டுமானால், 2027 ஜனவரி 20 முதல் அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்று தர வேண்டும். இதுவரை, உரிய தரநிலையை முழுதாகப் பின்பற்றிய தயாரிப்பாளர் தானே சான்றளித்துக்கொள்ள முடிந்தது. பாதுகாப்புப் பணியைச் செய்யும், தானாகக் கற்றுக்கொள்ளும் மென்பொருளுக்கும் இதே கட்டாயம்தான்.

2023இல் நிறைவேறிய எந்திர ஒழுங்குமுறை கொண்டுவரும் மாற்றம் இது. 27 நாடுகளுக்கும் நேரடியாகப் பொருந்தும். ஆபத்துகளை மதிப்பிடுவது, தொழில்நுட்பக் கோப்பு தயாரிப்பது, சிஇ முத்திரை பதிப்பது ஆகியவை முன்போலவே தயாரிப்பாளரின் வேலை. கோப்பை 10 ஆண்டு பாதுகாக்க வேண்டும். கட்டுப்பாட்டு மென்பொருளில் யாரும் கைவைத்துப் பாதுகாப்பைக் கெடுத்துவிடாதபடி எந்திரத்தை வடிவமைப்பதும் இப்போது அவர் கடமை.

பெரிய மாற்றம் இறக்குமதியாளருக்குத்தான். பழைய சட்டத்தில் அவருக்கென்று தனிக் கடமைகள் வகுக்கப்படவில்லை. இனி, தயாரிப்பாளர் எல்லாச் சோதனைகளையும் முடித்தாரா, கோப்பு இருக்கிறதா, கையேடு வாங்குபவருக்குப் புரியும் மொழியில் உள்ளதா என்று பார்த்த பிறகே சரக்கைச் சந்தைக்கு விட வேண்டும். தன் பெயரையும் முகவரியையும் எந்திரத்தில் குறிக்க வேண்டும். ஆபத்து தெரியவந்தால் அதிகாரிகளுக்கு உடனே சொல்ல வேண்டும். தன் பெயரிலேயே விற்றால் சட்டத்தின் கண்ணில் அவரே தயாரிப்பாளர். வாங்கிய எந்திரத்தில், தயாரிப்பாளர் எதிர்பாராத வகையில், புதிய ஆபத்து உண்டாகும்படி பெரிய மாற்றம் செய்பவருக்கும் அதே நிலைதான்.

நியாயமான ஏற்பாடு இது. விபத்தில் கையை இழந்த தொழிலாளி, கடல் கடந்த ஒரு தொழிற்சாலையைத் தேடி எங்கே போவார்?

கோவையிலிருந்து பம்புகளையும் நூற்பாலை எந்திரங்களையும் ஐரோப்பாவுக்கு அனுப்புவோரிடம் அங்குள்ள இறக்குமதியாளர் முதலில் கேட்கப்போவது இந்த ஆவணங்களைத்தான். ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆபத்து மதிப்பீட்டையும் கோப்பையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.